காணாமல் போன மூன்று மில்லி ஆம்பியர்

நெடுமங்காட்டைத் தாண்டி வித்துரா போகிற சாலையில், ஒரு ரப்பர் தோட்டத்துக்கு நடுவே சர்வப்பிரகாசா இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது. அங்கே எலக்ட்ரிக்கல் துறை தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பதினோரு வருஷத்தில் அதன் ஆய்வகத்தில் ஒரு சோதனைகூடத் தவறான விடை தந்ததில்லை. மின்சாரத்தோடு கொஞ்சமாவது பழகியவர்களுக்கு இதைக் கேட்டால் சந்தேகம் வரும். காலேஜுக்கோ பெருமை வந்தது. வாசலில் போர்டே வைத்துவிட்டார்கள்.

பெருமைக்குக் காரணம் ஸ்ரீகண்டன். முதல் பேட்ச் மாணவன், முத்து முத்தான கையெழுத்து. அவன் எழுதிய லேப் ரெக்கார்டு நோட்டு, பிரவுன் அட்டை போட்டு, துறைத் தலைவரின் பீரோவில் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பிராக்டிகலுக்கு முந்தின மாசம் அதை வெளியே எடுப்பார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்து எழுதுவார்கள். எழுதி முடித்த பிறகு ஆய்வகத்துக்குப் போய் சோதனை செய்வார்கள். ஸ்ரீகண்டன் சோதனை செய்த அன்று நல்ல மழை. சாரல் மேஜை மேல் அடித்ததால், 'முன்னெச்சரிக்கைகள்' என்ற தலைப்பின் கீழே ஆறாவதாக, 'ஜன்னலைச் சாத்திவிட்டு அளவு எடுக்க வேண்டும்' என்று எழுதி வைத்தான். அன்று முதல் ஜன்னலைச் சாத்தாமல் அங்கே யாரும் மின்சாரத்தைத் தொட்டதில்லை. மூன்று வருஷம் முன்பு கரையான் அரித்து ஜன்னல் கதவுகளைக் கழற்றிப் போட்டார்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஒருவன் போய் வெறும் சட்டத்தின் முன் நின்று, இரண்டு கையாலும் காற்றைச் சாத்தி, கொக்கி மாட்டுவது போலக் காட்டிவிட்டு வருவான். ஸ்ரீகண்டன் இப்போது ஷார்ஜாவில் பேக்கரி வைத்திருக்கிறான் என்று கேள்வி.

இந்த இடத்துக்குத்தான் ஷிஜா முதல் வருஷம் படிக்க வந்து சேர்ந்தாள். வள்ளியூர்க் குடும்பம், பிறந்தது வளர்ந்தது திருவனந்தபுரம். அப்பா பிச்சைக்கனிக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கம்பி கட்டும் வேலை. அம்மா உலகம்மாள் தம்பானூரில் ஒரு ஓட்டலில் சமையல். நன்றாக மார்க் வாங்கியதால் ஷிஜாவுக்கு ஃபீஸ் இல்லாத சீட்டு கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, எந்தப் பேப்பரிலும் அரியர் விழக் கூடாது. விழுந்தால் சீட்டு போய்விடும்.

ஸ்ரீகண்டனின் நோட்டு சுற்றுக்கு வந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஆகவே அடுத்த வாரம் ஆய்வகத்தில், என்ன எழுதுவது என்று தெரியாமல், அவள் மீட்டரைப் பார்த்தாள். அந்த ஆய்வகத்தில் அதற்கு முன் யாரும் செய்யாத காரியம் அது.

சோதனை ரொம்பச் சாதாரணமானது. கிர்க்காஃப் விதி. ஒரு சந்திப்புக்கு எவ்வளவு கரண்ட் வந்து சேர்கிறதோ, அவ்வளவும் அங்கிருந்து வெளியே போயாக வேண்டும். வழியில் தங்க அதற்கு அனுமதி கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்த கூட்டம் இரண்டு பஸ்ஸில் ஏறிப் போனால், இரண்டு பஸ்ஸிலும் எண்ணிக் கூட்டினால் பழைய கணக்கு வர வேண்டும், அவ்வளவுதான். மேஜையில் மூன்று மீட்டர்கள். முதல் மீட்டர் பத்து மில்லி ஆம்பியர் வந்ததாகக் காட்டியது. இரண்டாவது ஆறு போனதாகக் காட்டியது. மூன்றாவது, ஒன்று.

"டீச்சர், மூணு காணல்ல," என்றாள் ஷிஜா.

லேப் இன்ஸ்ட்ரக்டர் சுசீலாபாய் நாகர்கோவில் பக்கம். தன் மேஜையில் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தவர், எழுந்து வரவில்லை. "மூணாவது மீட்டர் நாலு காட்டும் மக்ளே. எழுதிக்க."

"ஒண்ணுதான் டீச்சர் காட்டுது."

"காட்டுயது ஒண்ணுதான். எழுதுயது நாலு. ரெண்டையும் போட்டு கொழப்பப்பிடாது."

ஷிஜா பொய்யே சொல்லாத பெண் என்று நினைத்துவிட வேண்டாம். பிளஸ் டூவில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவள்தான். ஆனால் பார்த்து எழுதுவதற்கு எதிரே ஒரு நோட்டாவது வேண்டுமல்லவா? எதிரே இருந்தது ஒரு ஊசி, அது ஒன்றில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நாலு என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஒன்று என்றே எழுதினாள்.

மறுநாளே துறைத் தலைவர் பஞ்சாபகேசன் கூப்பிட்டனுப்பினார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். மென்மையான மனிதர், கோபமே வராது. யார் முகத்தையும் பார்க்கும் பழக்கம் இல்லாததால் கோபம் வர வழியும் இல்லை. எதிரே யார் நின்றாலும் தாளைத்தான் பார்ப்பார்.

"இதென்ன கொழந்தே, பத்து வந்திருக்கு, ஏழுதான் போயிருக்கு. பாக்கி மூணு எங்கே?"

"தெரியல்ல சார்."

"தெரியலேன்னா எப்படி? கடைசியாப் பார்த்தது நீயாக்கும்."

"மீட்டர் கேடா இருக்கும் சார்."

பஞ்சாபகேசன் பேனாவை மூடி வைத்தார். "சொல்றேன் கேட்டுக்கோ. விதி தப்புன்னா அது யூனிவர்சிட்டி விவகாரம். மீட்டர் தப்புன்னா டிபார்ட்மெண்ட் விவகாரம். நீ தப்புன்னா உங்காத்து விவகாரம். இதுல எது சுலபம்னு நீயே யோசிச்சுப் பாரு, கேட்டியா?"

ஷிஜா யோசித்துப் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ரெக்கார்டில் சீல் விழ வேண்டும். சீல் இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிராக்டிகல் எழுத முடியாது. எழுதாவிட்டால் அரியர். மீட்டர்தான் கெட்டது என்று நிரூபித்துவிட்டால் சார் ஒத்துக்கொள்வார் என்று நம்பினாள். அந்த வயதில் அப்படியெல்லாம் நம்பத் தோன்றும்.

மதியமே ஆய்வகத்துக்குப் போய் இரண்டாவது மீட்டரையும் மூன்றாவது மீட்டரையும் இடம் மாற்றிப் போட்டாள். ஆறு காட்டிய பாதையில் இப்போது ஒன்று, ஒன்று காட்டிய பாதையில் நாலு. எந்தப் பாதையில் வைத்தாலும் ஒன்றே காட்டுகிற மீட்டர் எது என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். துள்ளிக்கொண்டு போய்த் துறைத் தலைவரிடம் தாளை நீட்டினாள்.

பஞ்சாபகேசன் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் நாலும் ஐந்து. "நேத்திக்கு மூணு காணலை. இன்னிக்கு அஞ்சு காணலை. புகார் கொடுத்தப்புறம் இழப்பு ஜாஸ்தியாயிருக்கே," என்றார். அவர் குரலில் முதன்முறையாகக் கவலை தெரிந்தது. மாலைக்குள் மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. துறைத் தலைவர் இருந்தார், விதி புத்தகத்தில் இருப்பதால் நூலகர் இருந்தார், ஓடியதைப் பிடிக்க வேண்டியிருப்பதால் உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார்.

கமிஷன் முறைப்படி நடந்தது. 'காணாமல் போன பொருள்' படிவத்தை ஷிஜாவே பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. நிறம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, மனசாட்சிப்படி எழுது என்றார் நூலகர். 'கண்ணுக்குத் தெரியாது' என்று எழுதினாள். 'கடைசியாக எந்தத் திசையில் சென்றது' என்ற கேள்விக்கு, பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு என்று எழுதினாள். கமிஷன் அந்தப் பதிலை மிகவும் பாராட்டியது. விதியை இயற்றியவருக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்று உடற்பயிற்சி ஆசிரியர் யோசனை சொன்னார். முகவரி கிடைக்காததால் கைவிடப்பட்டது.

மூன்று நாள் சாயங்காலம் கேட்டில் எல்லோர் பையையும் சோதித்தார்கள். செக்யூரிட்டிச் சேட்டன் நல்ல மனிதர், ஆம்பியர் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "மோளே, பேகில் ஆம்பியர் வல்லதும் உண்டோ?" என்று தாழ்மையாகக் கேட்பார். இல்லை என்றால் பையில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டு அனுப்புவார்.

நான்காம் நாள் உலகம்மாளை வரச் சொன்னார்கள். ஓட்டலில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, கமிஷன் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்கு வீட்டுல பொருளைத் தொலைக்கற வழக்கம் உண்டோ?" என்று கேட்டார் பஞ்சாபகேசன்.

"அப்பிடில்லாம் இல்ல சார். ஆறாங்கிளாஸ்ல ஒரு கொடையத் தொலைச்சா."

நூலகரும் உடற்பயிற்சி ஆசிரியரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூலகர் ஃபைலில், 'முன்வரலாறு: குடை' என்று எழுதிக்கொண்டார்.

"இப்பம் என்ன சார் தொலைஞ்சிருக்கு? எங்க ஓட்டல்ல இருந்தா நா கேட்டு வாங்கிட்டு வாறேன். மூணுதானே?" என்றாள் உலகம்மாள். அவள் நிஜமாகவே சொன்னாள். ஷிஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மாவை பஸ் ஏற்றிவிடும்போது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிரின்ஸிபால் ஹரிநாராயணன் இதைப் பற்றியே பேசினார். "வியாழக்கிழமை தரச்சான்றுக் குழு வருகிறது. இந்த நேரத்தில் ஒரு வதந்தி. நம் காலேஜில் கரண்ட் விதியை மீறிவிட்டதாம். ஒன்று சொல்கிறேன். இந்த வளாகத்தில் எந்தக் கரண்டும் இதுவரை விதியை மீறியதில்லை, ஏனென்றால் நாம் அதற்குச் சந்தர்ப்பமே கொடுத்ததில்லை. நம் பிள்ளைகள் சோதனை செய்யாமலே சரியான விடை எழுதக் கூடியவர்கள். செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன் என்பது மந்த புத்திக்காரர்களின் வழி. மீட்டரைப் பார்ப்பது என்பது புத்தகத்தைச் சந்தேகப்படுவது. இன்றைக்கு மீட்டரைப் பார்ப்பவர்கள் நாளைக்கு எதைத்தான் பார்க்க மாட்டார்கள்?" பலத்த கைதட்டல். ஷிஜாவும் தட்டினாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்று பயந்தாள்.

புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் அந்த மூன்றாவது மீட்டரைக் கையில் எடுத்தாள். கண்ணாடி மூலையில் விரிசல். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மீட்டருக்குள்ளே ஒரு காந்தம் இருக்கும், அதன் நடுவே ஒரு சின்னச் சுருள். கரண்ட் வந்தால் சுருள் திரும்பும், அதனோடு ஊசியும் திரும்பும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் படித்தது நிஜமாகவே உள்ளே இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையில், கறுப்பாக, எள்ளைவிடச் சின்னதாக ஒரு இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. மேஜைக்கு மேலே அலமாரித் தட்டில் காந்தப்புலக் கோடுகளைக் காட்டுவதற்கான இரும்புத் தூள் டப்பா, மூடி இல்லாமல். அதிலிருந்து உதிர்ந்தது விரிசல் வழியாக உள்ளே போயிருக்கிறது. காந்தம் இருக்கும் வீட்டுக்கு இரும்பை யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஊசி ஒன்று வரை வரும், சுருள் துகளில் முட்டும், நின்றுவிடும்.

பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, செல்லோ டேப்பைக் குச்சி போல மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் துகளை எடுத்தாள். மூடி, மேஜையில் இணைத்து, சுவிட்சைப் போட்டாள். ஊசி ஒன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி, மூன்றைத் தாண்டி, நாலில் போய் நின்று லேசாக ஆடியது. ஆறும் நாலும் பத்து. அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். யாரோ எப்போதோ எங்கேயோ சொன்ன விதி, இந்த ஓட்டை ஜன்னல் ஆய்வகத்தில், அவள் கண் முன்னால் உண்மையாக இருந்தது. தான் இன்ஜினியர் ஆகிவிடலாம் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

ஓடிப் போய்ச் சொன்னாள். பஞ்சாபகேசனின் நெற்றியில் விபூதிக்கு மேலே வேர்வை அரும்பியது.

"மீட்டரைத் திறந்தியோ?"

"ஆமா சார். சரியாயிடிச்சி."

"அது எப்படி முடியும்? மூணு மீட்டரும் நல்ல நிலையில இருக்குன்னு போன மாசமாக்கும் நான் கையெழுத்துப் போட்டேன். நன்னா இருக்கற மீட்டரை நீ எப்படி நன்னாக்குவே?" ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "இந்தா. மூணு மில்லி ஆம்பியர் என் கவனக்குறைவாலே தொலைஞ்சு போச்சு, இனிமே ஜாக்கிரதையா இருப்பேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை சீல் போட்டுத் தரேன். மனசிலாச்சா?"

ஷிஜா கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். தைரியம் எல்லாம் இல்லை. அந்த ஊசி நாலில் நின்றதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் கலையாமல் இருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மூன்று பேர் கொண்ட தரச்சான்றுக் குழு வந்தது. தலைவர் சஃபாரி சூட் போட்ட பெரியவர். மிக்சர், பரிப்புவடை, இளநீர் முடிந்து ஆய்வகத்துக்கு வந்தார்கள். சோதனை செய்து காட்ட வகுப்பின் முதல் மாணவன் பிபின் நிறுத்தப்பட்டிருந்தான். அவன் போய்க் காற்றைச் சாத்திவிட்டு வந்தான். தலைவர் அதை மரியாதையோடு கவனித்தார். பிபின் சுவிட்சைப் போட்டான். அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. பின்வரிசையில் நின்ற ஷிஜாவுக்கு மூன்று ஊசிகளும் பூஜ்யத்துக்குத் திரும்பி வருவது தெளிவாகத் தெரிந்தது. பிபின் தயங்கவில்லை. நோட்டைப் பிடித்தபடி, கணீரென்று, "ஃபர்ஸ்ட் மீட்டர் பத்து சார். செகண்ட் ஆறு. தேர்டு நாலு," என்றான்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் குறிப்பேட்டில் எழுதினார்: 'மின்தடை நேரத்திலும் அளவுகளில் மாற்றமில்லை. நம்பகத்தன்மை மிக உயர்வு.' பிரின்ஸிபால் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லது," என்றார் தலைவர். "அடுத்த இனம், தொடர் முன்னேற்றம். மாணவர்கள் தோற்ற சோதனைகளைக் காட்டுங்கள். குறை கண்டுபிடித்து விசாரித்ததற்கு ஆவணம் வேண்டும். இதற்கு மட்டும் நாற்பது மார்க்."

பஞ்சாபகேசன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிரின்ஸிபால் மேலே நின்ற ஃபேனைப் பார்த்தார். பதினோரு வருஷமாக யாருமே தோற்காத காலேஜில் தோல்விக்கு எங்கே போவது? நாற்பது மார்க் போனால் சான்று போகும், சான்று போனால் அடுத்த வருஷம் அட்மிஷனே இருக்காது. அப்போதுதான் சுசீலாபாய் மெதுவாக, "அந்த மூணு ஆம்பியர் ஃபைல் இருக்குல்லா சார்," என்றார்.

நாற்பத்திரண்டு பக்கம். படிவம், பை சோதனைப் பட்டியல், உலகம்மாளின் வாக்குமூலம், எல்லாம். குழுத் தலைவர் நின்றபடியே படித்தார். குடை என்ற பக்கத்துக்கு வந்ததும் மற்ற இருவரையும் அழைத்துக் காட்டினார். "பிழையின் வேரை மாணவியின் ஆறாம் வகுப்பு வரைக்கும் தேடிப் போயிருக்கிறார்கள். இப்படி ஒரு நிறுவனத்தை நான் பார்த்ததில்லை," என்றார். நாற்பதுக்கு நாற்பது. அன்று மாலையே காலேஜுக்கு 'ஏ' கிரேடு.

வெள்ளிக்கிழமை ஷிஜா அந்த வெள்ளைத் தாளோடு துறைத் தலைவர் அறைக்குப் போனாள். யாரும் தாளைக் கேட்கவில்லை. அவளுக்குப் பொன்னாடை போட்டார்கள். பத்து, ஆறு, ஒன்று என்று எழுதிய அந்தப் பழைய பக்கத்தின் மேலேயே சிவப்பு மையில் கையெழுத்து, அதன் மேல் வட்ட சீல், அதன் மேல் இன்னொரு சீல். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. நோட்டைத் திருப்பிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"நோட்டு இங்கேயே இருக்கட்டும்," என்றார் பஞ்சாபகேசன். பீரோவைத் திறந்து ஸ்ரீகண்டனின் பிரவுன் அட்டை நோட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஷிஜாவின் நோட்டைப் பக்தியோடு வைத்தார். மத்தியானத்துக்குள் சர்க்குலர் வந்தது. தரச்சான்று பெற்ற அளவு இதுதான் என்பதால், எல்லா மாணவர்களும் மூன்று மில்லி ஆம்பியர் காணாமல் போனதாகத் திருத்தி எழுத வேண்டும். அறுபத்து மூன்று பேர் சாயங்காலம் வரை உட்கார்ந்து எழுதினார்கள். பிபின் முதலில் முடித்தான்.

"சார், மீட்டர் இப்பம் நாலு காட்டும்," என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள் ஷிஜா.

"அது மீட்டரோட இஷ்டம்," என்றார் பஞ்சாபகேசன்.

திங்கட்கிழமை பிராக்டிகல். வெளியிலிருந்து பரிசோதகராக வந்தவர் ராஜபாய் என்று ஒரு அம்மாள், வேறு காலேஜ், இந்தக் காலேஜின் வரலாறு எதுவும் தெரியாதவர். யாருக்கு எந்தச் சோதனை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பத்துச் சோதனைகளில் ஒன்பதுக்குக் கருவி இல்லாததால் எல்லோருக்கும் கிர்க்காஃப் விதியே விழுந்தது. ஷிஜா கம்பிகளை இணைத்தாள், சுவிட்சைப் போட்டாள். பத்து, ஆறு, நாலு. எழுதினாள்.

உள் பரிசோதகராக மேஜை மேஜையாக வந்த பஞ்சாபகேசன் அவள் தாளைக் குனிந்து பார்த்தார். வழக்கம் போலத் தாளை மட்டும்.

"இதென்ன, நாலு போட்டிருக்கே? ஷிஜாவோட ரெக்கார்டுல இப்படி இல்லையே."

"நான்தான் சார் ஷிஜா."

அவர் நிமிரவில்லை. "அப்போ உனக்காவது தெரிஞ்சிருக்க வேண்டாமோ?" என்றார் வருத்தத்தோடு. "மாத்தி எழுது. ஒண்ணுன்னு போடு."

ஷிஜா மீட்டரைப் பார்த்தாள். ஊசி நாலில் அசையாமல் நின்றது. அது நின்ற இடத்துக்கு அவள்தான் காரணம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாற்றி எழுதாமல் தாளை எடுத்துக்கொண்டு நேரே ராஜபாயிடம் போய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் ஆறையும் நாலையும் கூட்டிப் பார்த்து, டிக் அடித்து, முழு மார்க் போட்டுக் கையெழுத்திட்டார்.

பிறகு அடுத்த தாளை எடுத்தார். பிபினுடையது. ஆறையும் ஒன்றையும் கூட்டினார். மறுபடி விரல் விட்டுக் கூட்டினார். அதற்கு அடுத்த தாளையும், அதற்கும் அடுத்ததையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "சார், எல்லாருக்கும் மூணு குறையுதே. எங்க போச்சு?"

"ஏ கிரேடு மேடம்," என்றார் பஞ்சாபகேசன், பீரோச் சாவியைத் தேடிக்கொண்டே. "ஒக்காருங்கோ, ஃபைல் காட்டறேன். நாற்பத்திரண்டு பக்கம்."

ஷிஜா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாட்சி சொல்ல யாரும் கூப்பிடுவதற்குள் படியிறங்கி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.